புரொப்பேன் எரிவாயு நாட்படக் கெடுமா?

சமையல் வாயு நிரம்பிய சிலிண்டரின் மேற்புறத்தில், கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் தகடுகளில் ஒன்றின் உட்பக்கத்தில், ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். ‘பி 29’ என்பது போன்ற இக்குறியைக் காண்போரில் பலர், அத்தேதிக்குப் பின் உள்ளிருக்கும் வாயு கெட்டுவிடும் என்று எண்ணுகின்றனர். மருந்துப் புட்டியின் மேல் அச்சிட்ட தேதியைப் போலவே இதனையும் அவர்கள் கருதுகின்றனர். இக்கருத்து சரியன்று. வாயுவைக் குறித்து வீண் கவலை கொள்வோர், உண்மையில் கவனிக்க வேண்டியதைக் கவனியாது விட்டுவிடுவதால், இத்தவறு சில சமயங்களில் ஆபத்தாகவும் முடியலாம்.

மாதம் ஒரு சிலிண்டரைச் செலவிடும் நகரவாசிக்கு இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால், 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தின் மூலம் முதன்முதலாக வாயு அடுப்பைப் பெற்ற கிராமக் குடும்பங்களில் சில, விறகையும் வாயுவையும் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. அத்தகைய இல்லத்தில் ஒரே சிலிண்டர் பல மாதங்கள் நிற்கக் கூடும். பனிக்காலத்தில் மலைப்பாதைகள் அடைபடும் லடாக் போன்ற பிரதேசங்களிலோ, மக்கள் எரிபொருளை முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டியுள்ளது. சேமித்த வாயு எவ்வளவு காலம் பயன்படும் என்பது இவர்களுக்கு அன்றாட வாழ்வைச் சார்ந்த கேள்வியாகும்.

புரொப்பேனின் இயல்பு

புரொப்பேன் என்னும் வாயுவை 1857ஆம் ஆண்டில் பிரெஞ்சு ரசாயன அறிஞர் பெர்த்தலோ கண்டறிந்தார். எனினும், அது எரிபொருளாக வழக்கிற்கு வர அரை நூற்றாண்டு கடந்தது. 1910ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுரங்க இலாகாவைச் சேர்ந்த வால்டர் ஸ்னெல்லிங் என்ற ரசாயன அறிஞர், பெட்ரோலிலிருந்து ஆவியாகி வீணாகும் பகுதியை ஆராய்ந்து, அதில் புரொப்பேன் பெருமளவில் இருப்பதைக் கண்டார். இந்தியாவில் இத்தகைய வாயு 1955ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் விற்பனைக்கு வந்தது.

சாதாரணக் காற்றழுத்தத்தில் புரொப்பேன் பூஜ்யத்திற்குக் கீழே 42 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. அழுத்தத்திற்கு உட்படுத்தினால் சாதாரண உஷ்ணநிலையிலேயே அது திரவமாகிவிடும். ஒரு லிட்டர் திரவம் ஆவியாகும்போது ஏறத்தாழ 270 லிட்டர் வாயுவைத் தருகிறது. பெரும் அளவு எரிபொருளைச் சிறு கலத்தில் அடக்கி வைக்க முடிவது இதனாலேயாகும். நம் நாட்டு வீடுகளுக்கு வழங்கப்படும் வாயு தனிப் புரொப்பேன் அன்று. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவையாகும். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்ய டிகிரியை ஒட்டியுள்ளது. கடுங்குளிர்ப் பிரதேசங்களில் சிலிண்டரில் திரவம் எஞ்சியிருந்தும் அடுப்பு மங்கி எரிவதற்கு இதுவே காரணம். அது வாயு கெட்டதன் அறிகுறியன்று. உஷ்ணம் ஏறியதும் திரவம் முன்போல் ஆவியாகும்.

கெடாதிருப்பதன் காரணம்

பெட்ரோலைச் சில மாதங்களுக்கு மேல் தேக்கி வைத்தால் அதன் தரம் குன்றுகிறது. அதிலுள்ள நிறைவுறாத ஹைட்ரோகார்பன்கள் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து பிசின் போன்ற பொருள்களை உண்டாக்குகின்றன. எளிதில் ஆவியாகும் பகுதிகளும் வெளியேறிவிடுகின்றன. டீசல் எண்ணெயின் அடியில் நீர் தேங்கினால், அங்கு நுண்ணுயிர்கள் பெருகி அழுக்குப் படிவங்களைத் தோற்றுவிக்கின்றன.

புரொப்பேனுக்கு இவ்விடர்கள் இல்லை. அதன் மூலக்கூறில் மூன்று கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. இணைப்புகள் யாவும் நிறைவுற்றவை. ஆகவே, சாதாரண உஷ்ணநிலையில் அது எளிதில் வேறு பொருளுடன் சேர்வதில்லை. மேலும், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட மிகுதியாதலால், வெளியிலிருந்து காற்று உட்புக வழியில்லை. சுத்திகரிப்பு ஆலைகளில் கிடைக்கும் வாயுவில் புரொப்பிலீன் போன்ற நிறைவுறாத பொருள்கள் ஓரளவு கலந்திருப்பதுண்டு. எனினும், பிராணவாயு இல்லாத மூடிய கலத்தில் அவற்றாலும் குறிப்பிடத்தக்க கேடு நேர்வதில்லை. பூமிக்கடியில் பெட்ரோலியத்துடன் புரொப்பேன் பல லட்சம் ஆண்டுகள் மாறாது கிடந்திருக்கிறது என்பதே அதன் நிலைத்த தன்மைக்குப் போதிய சான்றாகும்.

இயற்கையின் இம்முறையைப் பொறியியல் வல்லுநரும் பின்பற்றியுள்ளனர். விசாகப்பட்டினத்தில் கடல்மட்டத்திற்கு 150 மீட்டருக்கும் கீழே, பாறையைக் குடைந்து அமைத்த குகையில் சுமார் 60,000 டன் திரவ வாயுவைத் தேக்கி வைக்க முடிகிறது. சூழ்ந்துள்ள பாறையின் வெடிப்புகளில் நிறைந்த நீரின் அழுத்தம், வாயு வெளியேறாதபடி அதனைத் தடுத்து நிறுத்துகிறது.

குன்றக்கூடியது மணமே

வாயு கெடாது என்றாலும், அதனுடன் சேர்க்கப்படும் ஒரு பொருள் மாறுதலுக்கு உட்பட்டது. தூய புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் எச்சரிக்கும் அளவு மணம் இல்லை. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக்கூடம் ஒன்றின் அடித்தளத்தில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், உயிரிழந்தனர். வாயுவுடன் துர்நாற்றமுள்ள பொருளைச் சேர்க்க வேண்டும் என்ற விதி இத்துயர நிகழ்ச்சிக்குப் பின்னரே உறுதிப்பட்டது. சமையல் வாயுவில் இதற்கென எத்தில் மெர்காப்டன் என்ற பொருள் மிகச் சிறு அளவில் சேர்க்கப்படுகிறது.

கலத்தின் உட்சுவரில் துரு இருப்பின், அது மெர்காப்டனை ஆக்ஸிகரணம் செய்து மணம் குறைந்த வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. புதிய எஃகுக் கலத்தின் சுவரும் அதில் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ளும். ஆதலால், நெடுநாள் தேக்கிய வாயுவில் மணம் மங்கியிருக்கக் கூடும். எரியும் ஆற்றலோ சிறிதும் குறைந்திராது. சேமிப்பில் கவனிக்க வேண்டிய முதல் அபாயம் இதுவே. நாற்றம் இல்லை என்பதைக் கசிவு இல்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்ளலாகாது. காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே இவ்வாயு தீப்பற்றும் நிலையை அடைகிறது.

கலத்தின் ஆயுள்

இனி, சிலிண்டரின் மேலுள்ள குறியைக் காண்போம். ஏ, பி, சி, டி என்னும் எழுத்துக்கள் முறையே ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கின்றன; இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கின்றன. ‘பி 29’ என்றால், 2029ஆம் ஆண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் அக்கலம் மறுசோதனைக்கு உரியது என்று பொருள். புதிய சிலிண்டர் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் சோதிக்கப்படுகிறது. வலிமை குன்றிய கலங்கள் அப்போது விலக்கப்படும். ஆகவே, இத்தேதி எஃகைப் பற்றியதேயன்றி வாயுவைப் பற்றியதன்று. தேதி கடந்த சிலிண்டரை விநியோகத்தின்போது ஏற்றுக்கொள்ளாது, மாற்றித் தருமாறு கேட்பது நுகர்வோரின் உரிமையாகும்.

எஃகைவிட விரைவில் தேய்வது ரப்பர். வால்வினுள் உள்ள சிறு ரப்பர் வளையம் வெடித்தால் வாயு மெல்லக் கசியும். அடுப்பிற்குச் செல்லும் குழாயை, வெடிப்பு ஏதும் காணாவிடினும், ஐந்தாண்டுக்குள் மாற்றிவிட வேண்டும். கலத்தில் விடப்பட்டுள்ள வெற்றிடமும் கருதத்தக்கது. 33.3 லிட்டர் கொள்ளும் சிலிண்டரில் 14.2 கிலோகிராம் வாயுவே நிரப்பப்படுகிறது; திரவம் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இடத்தையே அடைக்கிறது. வெப்பத்தில் இத்திரவம் நீரைக் காட்டிலும் பன்மடங்கு விரிவடைவதால், எஞ்சிய இடம் இன்றியமையாதது. சிலிண்டரை வெயிலிலும் அடுப்பின் அருகிலும் வைத்தலாகாது என்பதன் காரணமும் இதுவே.

சேமிக்கும் முறை

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் வால்வின் வழியே வாயுவுக்குப் பதில் திரவம் வெளிப்படும். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். எனவே, நிலவறையிலும் பள்ளத்திலும் அதனைச் சேமித்தல் கூடாது. தரை மட்டத்தில் காற்றோட்டம் உள்ள, ஈரமற்ற இடமே ஏற்றது. கலத்தின் அடிவளையம் ஈரத்தரையில் துருப்பிடிக்குமாதலால், அதனைச் சற்று உயர்ந்த மேடையின் மேல் நிறுத்துவது நலம். பயனில் இல்லாத சிலிண்டரின் வால்வுக்குப் பாதுகாப்பு மூடியை இட வேண்டும்.

நாட்பட வைத்திருக்கும் சிலிண்டரில் கசிவு உண்டா என்பதை அறிய எளிய வழி எடை பார்த்தலாகும். வாங்கிய அன்று மொத்த எடையைக் குறித்து வைத்து, சில மாதங்களுக்குப் பின் மீண்டும் நிறுத்துப் பார்த்தால், எடை குறைவே கசிவைக் காட்டிவிடும். வால்வின் மேல் சோப்பு நீரைப் பூசினாலும் குமிழிகள் தோன்றுவதைக் கொண்டு கசிவை அறியலாம். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பது உயிருக்கே உலை வைக்கும் செயல். கசிவு காணப்பட்டால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் பொருத்த வேண்டும். கதவு, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். மின்விசைகளை இயக்கவோ அணைக்கவோ கூடாது. பின்னர் வெளியே வந்து 1906 என்ற அவசரத் தொலைபேசி எண்ணிற்கு அறிவிக்க வேண்டும்.

சுருங்கக் கூறின், புரொப்பேனுக்குக் கெடுநாள் இல்லை. அதனைத் தாங்கும் எஃகுக்கும் ரப்பருக்கும் உண்டு. ஆண்டுகள் பல சென்ற பின்னரும் அதே சுடரைத் தர வல்ல இவ்வெரிபொருள், கலத்தைப் பேணுவோர்க்கே பாதுகாப்பாகப் பயன்படும்.