இதயம் செம்மையுற்றபின் மூச்சு தளர்வது ஏன்?

தமிழில் ‘நெஞ்சு’ என்னும் சொல் மனத்தையும் குறிக்கும், மார்பையும் குறிக்கும். அம்மார்புக் கூட்டினுள் இதயமும் நுரையீரலும் அருகருகே அமைந்து ஒருங்கே தொழிற்படுகின்றன. ஒன்றற்கு நேரும் ஊறு மற்றதையும் தாக்கும். இதனை உணராமையால், இதய அறுவை முடிந்தபின் நோயாளிக்கு மூச்சுத் திணறல் ஏற்படுமாயின், “இதயத்திற்குத்தானே மருத்துவம் செய்தார்கள், நுரையீரலுக்கு என்ன வந்தது?” என்று உறவினர் கலங்குகின்றனர். அக்கலக்கத்தைத் தெளிவித்து, நாம் செய்யத்தக்கதைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரு உறுப்புகளின் தொடர்பைத் தெளிவுற எடுத்துரைத்த முன்னோடி இப்னு அந்நஃபீஸ் என்னும் இஸ்லாமிய மருத்துவப் பேரறிஞர் ஆவார். இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகளின் வழியே இரத்தம் வலப்புறத்திலிருந்து இடப்புறம் செல்கிறது என்பது கிரேக்க மருத்துவர் கேலனின் கொள்கை. அச்சுவரில் துளை இல்லை என்றும், இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றுடன் கலந்தே இடப்புறம் சேர்கிறது என்றும் 13ஆம் நூற்றாண்டிலேயே அவர் எழுதினார். கெய்ரோவில் 1288இல் மறைந்த அவரது அரிய கருத்தை, 1924ஆம் ஆண்டில் அத்தத்தாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகச் சுவடியிலிருந்து மீட்டு உலகிற்கு உணர்த்தினார்.

இதயத்தை நிறுத்தி அறுவை செய்யும்போது அதன் பணியை ஏற்பது இதய–நுரையீரல் இயந்திரம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1953 மே 6ஆம் நாள், ஜான் கிப்பன் இக்கருவியின் துணைகொண்டு 18 வயதுப் பெண்ணொருவரின் இதயத் துளையை வெற்றியுடன் அடைத்தார். எண்ணற்ற உயிர்களைக் காத்த இக்கருவிக்கும் ஒரு விலை உண்டு. இரத்தம் உடலுக்கு அயலான குழாய்களைத் தொட்டு ஓடுகையில், அதிலுள்ள வெள்ளணுக்கள் கிளர்ச்சியுற்று உடலெங்கும் அழற்சியைத் தோற்றுவிக்கின்றன. அந்நேரத்தில் நுரையீரல் காற்றின்றிச் சுருங்கிக் கிடக்கிறது. அறுவைக்குப் பின்னரோ, மார்பெலும்பின் வலியால் நோயாளி ஆழ்ந்து மூச்சிழுக்க அஞ்சுகிறார். சளி தேங்குகிறது, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்குகிறது, சிலருக்கு அதனைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது, நிமோனியா காய்ச்சலும் தொற்றுகிறது.

இவற்றுள் எளியவை பலருக்கு நேர்ந்து சில நாட்களில் தீர்கின்றன. மிகச் சிலருக்கே கடுமையான நிலை உண்டாகிறது. அழற்சியால் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றுச் சிற்றறைகளை நிரப்பிவிட, உயிர்வளி இரத்தத்தில் கலக்க இயலாது போகிறது. பல காரணங்களால் நேரும் இக்கொடிய நிலையை 1967ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் 12 நோயாளிகளிடம் கண்டு தனியாக விவரித்தனர். இதற்கு வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியே துணை. அக்கருவி பொருத்தப்பட்டதும் ‘எல்லாம் முடிந்தது’ என்று அழுவாருளர். அது தவறு. நுரையீரல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வரை மூச்சைச் சுமந்து நிற்கும் ஊன்றுகோல் அது. காற்றை மிகுதியாகச் செலுத்துவதும் நுரையீரலைப் புண்படுத்தும். உடல் உயரத்தைக் கொண்டு கணிக்கப்படும் எடையில், கிலோ ஒன்றுக்கு 12 மில்லிலிட்டருக்கு மாறாக 6 மில்லிலிட்டர் அளவே செலுத்தியபோது, இறப்பு நூற்றுக்கு 40 என்பதிலிருந்து 31 ஆகக் குறைந்ததை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வு நிறுவியது.

மருத்துவர் செய்வன இவை. நாம் செய்யத்தக்கன யாவை? அறுவை நாள் குறிக்கப்பட்டதும் புகைப்பழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். நான்கு வாரங்களுக்கு முன்னரே விடுவது பெரும்பயன் தரும். பந்துகள் மேலெழுமாறு மூச்சிழுக்கும் பயிற்சிக் கருவியை அறுவைக்கு முன்பே பழகுதல் நன்று. அறுவைக்குப் பின், “அசையாமல் படுத்திருங்கள், இருமாதீர்கள்” என்று அன்பினால் கூறுவோர் பலர். அவ்வன்பே தீங்காய் முடியும். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமிச் சளியை வெளியேற்றுவதும், மருத்துவர் இசைந்த அன்றே எழுந்தமர்ந்து நடப்பதும் நுரையீரலுக்கு மருந்தாகும்.

நோயாளியை நலம் விசாரித்தல் நம் சமுதாயத்தின் சீரிய கடமை. எனினும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் கூட்டமாய்த் திரள்வதும், சளி காய்ச்சலுடன் சென்று காண்பதும் தொற்றையே பரிசளிக்கும். தொலைவிலிருந்து இறைஞ்சும் துஆவிற்குத் தடையேதுமில்லை. வீடு திரும்பியபின் மூச்சுத் திணறல் மிகுதல், காய்ச்சல், மஞ்சள் நிறச் சளி, ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் ஆகியவை தோன்றின் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

நோயுற்றால் மருத்துவம் நாடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். மருத்துவத்தை நாடுவதோடு அதனைப் புரிந்துகொண்டு துணை நிற்பதும் அப்பணியைச் சார்ந்ததே. முயற்சி நம்முடையது, நலம் அருள்பவன் அல்லாஹ்.