சுவடி மென்பொருளில் படக் கோப்புகளின் இடம்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட இடங்களில் பாதுகாக்கப்படும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஏறத்தாழ 11,000 சுவடிகள் கொண்ட இத்தகைய தொகுப்பின் ஏட்டுப் படங்களைக் காட்டும் கணினி மென்பொருளை உருவாக்குவோர், படங்களை நிரலுக்குள் பொதிவதா, வெளியே தனிக் கோப்புகளாக வைப்பதா என முதலில் முடிவுசெய்தல் வேண்டும்.

பொத்தான் குறி போன்ற மாறாச் சிறுபடங்களை நிரலுக்குள் பொதியலாம். ஏட்டுப் படங்களுக்கு அது பொருந்தாது. 6,000 × 1,000 படப்புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணப்படம், புள்ளிக்கு 3 பைட்டு என்ற கணக்கில், கணினி நினைவகத்தில் 1.8 கோடி பைட்டுகளைக் கொள்ளும். 100 பக்கங்களுக்கு 180 கோடி. ஒரு படத்தைத் திருத்தினாலும் நிரல் முழுவதையும் மீண்டும் உருவாக்கி வழங்க நேரும். ஆகவே, படங்களை வெளியே வைத்து வேண்டும்போது மட்டும் ஏற்றுதலே தக்கது.

வட்டின் பெயரோடு தொடங்கும் முழுப்பாதையை நிரலில் எழுதினால், வேறு கணினிக்கு மாறியதும் படங்கள் தொடர்பிழக்கும். நிரல் உள்ள கோப்புறையிலிருந்து கணக்கிடப்படும் சார்புப் பாதையே நிலைக்கும்.

கோப்பு கிடைக்காதபோது வெற்றுத் திரையைக் காட்டுதல் தவறு. படிப்போர் அவ்வேடு சுவடியிலேயே இல்லை எனக் கொள்வர். அப்பிழை பதிப்பிலும் ஏறும். எனவே, ஏட்டுப் பட்டியலைத் தரவுத்தளத்தில் தனியே வைத்து, 'ஏடு இல்லை', 'படம் எடுக்கப்படவில்லை', 'கோப்பு கிடைக்கவில்லை' என்னும் மூன்று நிலைகளையும் மென்பொருள் வேறுபடுத்திக் காட்டுதல் இன்றியமையாதது.