களஞ்சியம் இல்லமாகுமா?

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்த சீயமங்கலத்தில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுப்பித்த கோயிலைக் காண வருவோர் உண்டு. ஆனால் இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளின் பின்கட்டில் வெறுமையாய்க் கிடக்கும் நெற்களஞ்சியத்தைக் காண எவரும் வருவதில்லை. அறுவடை இயந்திரம் வந்த பின் நெல், வயலிலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்கோ விற்பனைக் கூடத்துக்கோ போய்விடுகிறது. ஆண்டு முழுவதற்கும் வீட்டில் நெல் சேர்த்து வைக்கும் வழக்கம் அருகிவிட்டது. காலியான களஞ்சியத்தை இடித்துச் செங்கல்லையும் மரத்தையும் விற்றுவிடுவதா, மணமான மகனுக்குக் குடியிருப்பாகவோ தறிக்கூடமாகவோ ஆக்கிக்கொள்வதா என்பது அங்கத்தினர் பலர் முன் நிற்கக்கூடிய கேள்வியாகும்.

விடை தேடுவோர் ஒருமுறை செஞ்சிக் கோட்டைக்குச் சென்று வருதல் நன்று. ராஜகிரியின் அடிவாரத்தில் அரண்மனை அடித்தளம் மட்டுமாய் எஞ்சியிருக்க, களஞ்சியமோ வளைவுக் கூரையோடு இன்றும் நிற்கிறது. கிருஷ்ணகிரியின் மேலும் களஞ்சியங்கள் உண்டு. முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்ட கோட்டை இது. இங்கே அரசனின் இருப்பிடத்தைக் காட்டிலும் நெல்லின் இருப்பிடம் நிலைத்து நிற்பதில் வியப்பென்ன?

எனினும், நெல்லுக்கு நல்லதாய் அமைந்தது மனிதனுக்கு நல்லதாய் இராது. நெல்லுக்கு வேண்டியவை இருளும், உலர்ந்த தரையும், எலி புகாத அடைப்பும் ஆகும். மனிதனுக்கு வேண்டியவை வெளிச்சமும் காற்றோட்டமும். ஆகவே களஞ்சியத்தை வீடாக்குவோர் முதலில் செய்ய முற்படும் வேலை, சுவரை உடைத்துச் சன்னல் வைப்பதே. தவறு நேர்வதும் இங்கேதான். வளைவுக் கூரையின் பாரம் கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை. இரு பக்கச் சுவர்களையும் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அத்தள்ளலைத் தாங்கவே அச்சுவர்கள் அத்தனை பருமனாக எழுப்பப்பட்டன. அவற்றில் அகலமான சன்னல் திறந்தால் கூரைக்கே ஆபத்து. முன்னும் பின்னும் உள்ள முகப்புச் சுவர்களுக்கோ அந்தத் தள்ளல் இல்லை. வாயிலையும் சன்னலையும் அங்கே எதிரெதிராக வைத்தால் காற்றும் நேராக ஓடும். ஓட்டுக் கூரையாயின் இவ்வளவு கவலை வேண்டியதில்லை. கண்ணாடி ஓடுகள் சில பதித்தாலே பகல் வெளிச்சம் கிடைத்துவிடும்.

அடுத்தது பூச்சு. சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடவும் செய்யும். அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கும். சிமெண்டுப் பூச்சு பார்வைக்குப் புதுமெருகாகத் தோன்றும். அதனாலேயே பலரும் அதில் ஏமாறுகின்றனர். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே உகந்தது. கொத்தனார் மறுத்தால் வேறு கொத்தனாரைத் தேடுக.

எல்லாக் களஞ்சியமும் இதற்கு இசையாது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் தஞ்சை நாயக்கர் காலத்துக் களஞ்சியம் ஒன்று உள்ளது. 36 அடி உயரமும் 3,000 கலம் கொள்ளளவும் உடையது. அதன் வட்ட வடிவில் கட்டிலைக்கூடச் சுவரோடு ஒட்டிப் போட இயலாது! மலையாள நாட்டாரோ தொடக்கத்திலேயே வழி கண்டனர். அவர்களது பத்தாயப்புரையில் கீழே நெல், மேலே மனிதர் தங்கும் அறைகள். அவற்றுட் சில இப்போது விருந்தினர் விடுதிகளாகப் பயன்பட்டு வருகின்றன. இங்கிலாந்தில் 2014 முதல் பண்ணைக் கட்டடங்களை வீடாக்க அனுமதி எளிதாக்கப்பட்டது. ஆனால் கட்டடம் தன் வலிமையிலேயே நிற்கவேண்டும். ஏறக்குறைய இடித்துப் புதிதாக எழுப்புவது மாற்றம் ஆகாது என்பது அங்குள்ள நீதிமன்றத்தின் முடிவு.

நமது நாட்டில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கட்டடத்தில் எவரும் குடியேற முடியாது. செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. இத்தகைய மத்திய அரசுச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெறவேண்டும். பழுதுபார்ப்புக்கும் அனுமதி தேவை. ஆதலின் கோட்டையருகே வீடுள்ளோர் கொத்தனாரை அழைக்குமுன் அத்துறையை அணுகவேண்டும்.

நெசவாள அங்கத்தினருக்கு ஒரு வார்த்தை. பருத்த சுவருக்குள் வெப்பம் தணிந்து, காற்றின் ஈரமும் எளிதில் குறைவதில்லை. பாவு இழை அறுதல் குறையும். ஆயின் குழித்தறிக்குப் பள்ளம் தோண்டுங்கால் பக்கச் சுவரோரம் தோண்டலாகாது. அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று முதலில் ஓரிடத்தில் திறந்து பார்த்து, சுவரிலிருந்து நன்கு விலகி, முகப்புச் சன்னலின் வெளிச்சம் விழும் இடத்தில் குழியை அமைத்துக்கொள்க.