பல் வெடிக்குமா?

ஆங்கில விஞ்ஞான நூல்களைப் படிக்கத் தொடங்கும் மாணவருக்கு 'இரப்ட்' என்னும் வினைச்சொல் பெரும்பாலும் எரிமலையோடுதான் அறிமுகமாகின்றது. அதற்கு 'வெடித்தல்' என்று பொருள் எழுதி வைத்துக்கொள்கிறார். பின்னர் பல் மருத்துவம் பற்றிய பாடத்தைத் திறந்தால், குழந்தையின் முதற் பால்பல் ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் 'இரப்ட்' ஆகின்றது என்றிருக்கும். பல் வெடிக்குமா?

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் குழப்பம் தீரும். இலத்தீன் மொழியில் 'ரும்பெரே' என்றால் உடைத்தல். முன்னே ஒட்டியுள்ள 'ஏ' வெளியே என்ற பொருளைத் தரும். ஆகவே, மூடியிருப்பதை உடைத்துக்கொண்டு உள்ளிருந்து வெளிவருதல் என்பதே அடிப்படைக் கருத்து. ஓசையோ வேகமோ அதிற் கட்டாயமில்லை. தாடை எலும்புக்குள் உருவாகும் பல் மெல்ல மெல்ல நகர்ந்து, ஈறைப் பிளந்துகொண்டு தலைகாட்டுகின்றது. இதை நாம் 'முளைத்தது' என்கிறோம். மண்ணைப் பிளந்து வரும் விதைக்கும் அதே சொல்தான். ஆங்கிலச் சொல்லின் கருத்து இதில் எவ்வளவு அழகாக அமைந்துவிடுகின்றது, பாருங்கள்!

எரிமலைக்குங்கூட 'வெடித்தது' எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா 1883 ஆகஸ்டில் உண்மையிலேயே வெடித்தது. அத்தீவின் பெரும்பகுதி கடலுள் மறைந்தது. எழுந்த பேரலைகளால் 36,000 பேருக்கு மேல் மாண்டனர். ஹவாய்த் தீவிலுள்ள கிலவேயாவின் கதை வேறு. 1983 ஜனவரியில் தொடங்கி 2018 வரை, இடையிடையே ஓய்ந்தாலும், ஏறத்தாழ 35 ஆண்டுகள் அதன் சரிவில் நெருப்புக் குழம்பு வழிந்தது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். '35 ஆண்டுகள் வெடித்தது' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் மனத்தில் தவறான காட்சியே பதியும். இங்கே 'கக்கியது' என்பதே தகும்.

திடீரென்ற தன்மை முன்னே நிற்கும் இடங்களும் உண்டு. தோலில் தடிப்பு எழும்புவதற்கும், கலவரம் மூள்வதற்கும், அவையில் சிரிப்பொலி எழுவதற்கும் ஆங்கிலேயர் இச்சொல்லையே ஆள்கின்றனர். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கின்றது. எல்லாவற்றுக்கும் 'வெடித்தது' என்று எழுதும் பத்திரிகை வழக்கம் நம்மிடமுள்ள செல்வத்தைப் பூட்டி வைப்பதாகும்.

இலக்கணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பெரும்பாலும் செயப்படுபொருள் குன்றிய வினையாகவே வரும். எனவே எரிமலையைச் செயப்பாட்டு வினையில் வைத்து 'வாஸ் இரப்டட்' என்று எழுதுவது பிழை; 'இரப்டட்' என்றாலே போதும். ஆனால் ஈறுக்குள்ளேயே தங்கிவிட்ட ஞானப்பல்லை மருத்துவர் 'அன்இரப்டட்' என்பார். அங்கே அது பெயரெச்சம் போல நின்று பல்லைச் சிறப்பிக்கின்றது.

இதே ஒலிப்புடன் இன்னொரு சொல்லும் உண்டு. அது 'ஈ' என்ற எழுத்துக்குப் பதிலாக 'ஐ' என்ற எழுத்தில் தொடங்கும். 'ஆர்' இருமுறை வரும். இதன் பொருள் நேர்மாறானது: வெளியிலிருந்து உள்ளே பாய்தல். 2013-14 குளிர்காலத்தில் வடதுருவப் பகுதியின் பனி ஆந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருந்தொகையில் தெற்கே அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள் வந்தன. பறவையியலார் அந்த வருகையைக் குறித்தது இந்த இரண்டாவது சொல்லால்தான்.