அண்மையில் கண்ட நான்கு படங்கள்

திரைப்படத் திறனாய்வு நம் தொழிலன்று. ஆயினும் அனந்தபுரியில் குடியேறி வாழும் தமிழர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. இரு மொழிப் படங்களையும் மொழிபெயர்ப்பின் துணையின்றியே நாம் கண்டு மகிழலாம். மலையாளத் திரையில் தமிழன் எவ்வாறு தோன்றுகிறான் என்பதை நம்மினும் கூர்ந்து நோக்குவோர் யார்? நெடுங்காலம் அவன் அங்கே அடியாளாகவோ நகைப்புக்குரிய 'அண்ணாச்சி'யாகவோதான் வந்து போனான். ஆகவே அண்மை ஆண்டுகளில் கண்ட சில படங்களைப் பற்றி மனத்திற்பட்டதை நேயர்களுடன் பகிர்ந்து கொள்கிறோம்.

முதலில் சொல்லத்தக்கது 'நண்பகல் நேரத்து மயக்கம்'. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, மம்மூட்டி நடித்த இப்படம் 2022 டிசம்பரில் நம் நகரில் நிகழ்ந்த 27ஆம் அனைத்துலகத் திரைப்பட விழாவிற்றான் முதன்முதல் திரையிடப் பெற்றது. பார்வையாளர் வாக்களித்து வழங்கும் பரிசையும் பெற்றது. வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாளக் குழு ஒன்றின் தலைவர் ஜேம்ஸ். தமிழ்நாட்டு உணவும் அவருக்குப் பிடிப்பதில்லை. தேநீரில் இடும் சர்க்கரையும் பிடிப்பதில்லை. நண்பகலில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். வயல் வழியே நடந்து ஒரு சிற்றூரில் நுழைகிறார். ஈராண்டுகட்கு முன் காணாமற்போன சுந்தரமாகவே மாறி, அவன் வீட்டில் உரிமையோடு உலவுகிறார். கண்பார்வையற்ற தாய் அவரை மகனாகவே ஏற்றுக் கொள்கிறாள். மனைவியோ வாய் திறவாது நிற்கிறாள். அந்த மௌனத்தை எண்ணி எண்ணி வியக்கலாம். தனியே பின்னணி இசை அமைக்காமல், பழைய தமிழ்ப் படப் பாடல்களும் வசனங்களும் எங்கிருந்தோ காற்றில் மிதந்து வருமாறு செய்திருப்பது நல்ல உத்தி. சிற்றூர்த் தமிழரை ஓரிடத்திலேனும் எள்ளி நகையாடாத மலையாளப் படம் இது. நடை மெதுவானது, இளைஞர் சிலர் கொட்டாவி விடக்கூடும்.

'மஞ்ஞுமல் பாய்ஸ்' (2024) பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை, பாராதார் இலர். 2006இல் கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மீட்ட உண்மை நிகழ்ச்சி அது. 1991இல் வெளிவந்த 'குணா' படத்துப் பாடல் ஒலிக்கும் கட்டத்திற்காகவே தமிழ்நாட்டார் அதனை மலையாளத்திலேயே பார்த்துக் கொண்டாடினர். காவலர் அந்த இளைஞரை அடிக்கும் காட்சி சற்று நீண்டுவிட்டது என்பது நம் எண்ணம்.

சசிகுமாரும் சிம்ரனும் நடித்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) இலங்கையிலிருந்து கடல் கடந்து வரும் ஈழத்தமிழ்க் குடும்பத்தின் கதை. பேச்சு காட்டிக் கொடுத்துவிடும் என்றஞ்சி, சென்னையில் அவர்கள் தங்களைக் கேரளத்தார் என்று சொல்லிக் கொள்கின்றனர்! நம் நகரில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் சிரிப்பு அடங்கியதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. பேருந்தில் தாய் தமிழில் ஏதேனும் கேட்டால், அருகிலிருப்போர் 'பாண்டி' என்று எண்ணிவிடுவரோ என்று கூசி, மலையாளத்தில் மறுமொழி கூறும் பிள்ளைகளை நாம் கண்டதில்லையா? அப்பிள்ளைகளைக் கட்டாயம் உடனழைத்துச் சென்று காட்டத்தக்க படம் இது. குடியிருப்பார் அனைவரும் இத்துணை விரைவில் நல்லவராகி விடுவதை மட்டும் நம்புவது கடினம்.

இறுதியாகப் பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' (2024). 1996இல் தஞ்சை வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி, 22 ஆண்டுகள் கழித்து நீடாமங்கலத் திருமணத்திற்கு வருகிறான். தன்னை 'அத்தான்' என்றழைத்து உயிராய் உபசரிப்பவனின் பெயரே அவனுக்கு நினைவில்லை. நெல்லையிலும் நாகர்கோவிலிலும் பூர்விக வீட்டை விற்றுவிட்டு வந்தவர் நம்மிடையே எத்தனை பேர்! ஊருக்குப் போனால், 'நீ யார் மகன்?' என்ற கேள்விக்கு விடை சொல்லவே பாதி நாள் ஆகிறது. இவன் விட்டுச்சென்ற பழைய மிதிவண்டி ஒன்று அக்குடும்பத்தை வாழவைத்த கதையைக் கேட்குமிடத்தில் அரவிந்த்சாமியின் முகம் வசனமின்றியே எல்லாம் பேசுகிறது. கார்த்தியின் பேச்சு சிறிது மிகை. படம் நீளம் என்ற குறையால், வெளியான பின் ஏறத்தாழ 18 நிமிடம் குறைத்தனர். வீட்டிலிருந்து பார்ப்பவர்கள், சிறுவன் அருள் இரவில் வீட்டிடம் விடைபெறும் தொடக்கப் பகுதியை ஓட்டிவிடாமல், முதியோரையும் அழைத்து அமர்த்திக்கொண்டு பார்க்கவும்.