பழைய பேரேடும் புதிய பெட்டியும்



தோட்டத்து அலுவலகத்தில் இருக்கும் செக்ரோல் புத்தகத்தை நாம் எல்லோரும் அறிவோம். பெயருக்கு ஒரு கட்டம், வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு கட்டம், சம்பளத்துக்கு ஒரு கட்டம். பழைய புத்தகம் முடிந்ததும் கிராணியார் கணக்கைப் புதிய புத்தகத்துக்குப் பெயர்த்து எழுதுவார். அப்போது ஒரு கட்டம் தள்ளி எழுதிவிட்டால் யாருக்கு நட்டம்? பால்மரம் சீவியவருக்குத்தான்.

நம் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய சம்பளக் கணக்கெல்லாம் கணிப்பொறியில்தான் இருக்கிறது. அங்கும் இதே பெயர்த்தெழுதும் வேலை நடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1988 ஜூன் மாதம் ஐபிஎம் நிறுவனம் ஏஎஸ்/400 என்ற நடுத்தரக் கணிப்பொறியை வெளியிட்டது. வங்கி, கப்பல் சரக்கு, கிடங்கு, தொழிற்சாலை என்று உலகெங்கும் அது பரவியது. சிங்கப்பூரிலும் பல அலுவலகங்கள் அதை வாங்கின. அதன் வழிவந்த இயந்திரங்கள் இன்றும் உழைக்கின்றன. ஆனால் எழுத்தர்களின் மேசைமேல் இருப்பதோ சிறிய கணிப்பொறி. பெரியதில் உள்ள கணக்கைச் சிறியதுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி சிங்கப்பூரில் இந்த வேலையைச் செய்கிறாள். தீபாவளிக்கு வந்திருந்தபோது, "சார், பெட்டியை மாற்றுவது சுலபம்; உள்ளே இருக்கும் கணக்கை மாற்றுவதுதான் கஷ்டம்" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, எழுத்து. கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே வைத்திருக்கும். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தாகிய 'ஏ' மேசைக் கணிப்பொறியின் ஆஸ்கி முறையில் 65. பழைய ஐபிஎம் இயந்திரத்தின் எப்சிடிக் முறையில் 193. மொழிபெயர்க்காமல் கொண்டுவந்தால் பெயரெல்லாம் கிறுக்கலாகத் தெரியும்.

இரண்டாவது, தொகை. பெரிய இயந்திரம் ஓர் எழுத்துக்குரிய இடத்தில் இரண்டு இலக்கங்களை மடித்து வைக்கும். புள்ளியை அங்கே வைக்காது. கடைசி இரண்டு இலக்கமும் காசு என்ற குறிப்பு, கோப்பின் விளக்கத்தில் தனியாக இருக்கும். அந்த விளக்கம் கூடவே வராவிட்டால் 1500.75 வெள்ளி 150075 ஆகிவிடும்! ஆயிரத்தைந்நூறு எங்கே, ஒன்றரை லட்சம் எங்கே!

மூன்றாவது, முகவரி. சிங்கப்பூரில் 1995 முதல் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் குறியீடு 058793. மேசைக் கணிப்பொறியின் அட்டவணை இதை வெறும் எண் என்று நினைத்து, முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். தேக்காவில் "665, பஃபலோ ரோடு" என்ற முகவரியில் வேறு தொல்லை. கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில், முகவரியை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால் அதுவே இரண்டு கட்டமாகிவிடும். பின்னால் உள்ளதெல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போகும். கிராணியார் செய்யக்கூடிய அதே தவறுதான்!

நான்காவது, பெயர். இங்கே நாம் 'அ/லெ' என்று எழுதுவதைச் சிங்கப்பூரில் 'எஸ்/ஓ' என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் சுப்பிரமணியம் 11 எழுத்து. புதிய அட்டவணையில் பெயருக்கு 20 இடம்தான் ஒதுக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முனியாண்டி மகன் சுப்பிரமணியமும், முனியப்பன் மகன் சுப்பிரமணியமும் 'முனி'யோடு நின்றுவிடுவார்கள். இரண்டு பேர் ஒரே ஆளாகத் தெரிவார்கள். ஒருவர் சம்பளம் மற்றவர் கணக்கில் ஏறினால் யார் பதில் சொல்வது?

இதற்கு வழி என்ன? கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. எந்தக் கட்டம் எத்தனை இடம், எது எண், எது எழுத்து என்ற விளக்கத்தையும் சேர்த்தே எடுக்கவேண்டும். பெயர்த்த பிறகு மூன்று சோதனை செய்யவேண்டும். இரண்டு பக்கமும் ஆள் எண்ணிக்கை ஒன்றா? சம்பளக் கூட்டுத்தொகை ஒன்றா? முதலில், நடுவில், கடைசியில் உள்ள சிலருடைய விவரம் ஒத்திருக்கிறதா? இவை மூன்றும் சரியாகும்வரை பழைய கோப்பை அழிக்கக்கூடாது.

பெற்றோர்களே, நாமும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் முதலாளி விவரமான சம்பளச் சீட்டுக் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அதை வாங்கிப் பத்திரமாக வைக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெயர், அடையாள எண், தொகை மூன்றையும் மாதாமாதம் அவர்கள் சரிபார்க்கட்டும். "கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அந்தச் சீட்டைக் காட்டலாம். கணிப்பொறி தானாகப் பொய் சொல்வதில்லை. ஆனால் தப்பாகப் பெயர்த்துக் கொடுத்ததை மெய்யென்றே திருப்பிச் சொல்லும்.