ராஜியாகப் போகலாமா?

தாராவியில் எங்கள் மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்த ஓர் அக்கா தலை நிமிர்ந்து கேட்டார்.

"டீச்சர், எங்க சால்ல ஒரு சின்னப் பொண்ணுகிட்ட ஒருத்தன் தப்பா நடந்துட்டான். போலீஸ் கேஸ் ஆயிடுச்சு. இப்போ பெரியவங்க கூடி, 'பணத்தை வாங்கிட்டு ராஜியாப் போங்க'ன்னு சொல்றாங்க. அப்படிச் செய்யலாமா?"

வகுப்பே அமைதியானது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

தண்டனைப் பேரம்

குற்றம் சாட்டப்பட்டவர், "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தண்டனையைக் குறையுங்கள்" என்று கேட்பது உண்டு. இதற்கு 'பிளீ பார்கெய்னிங்' என்று பெயர். தண்டனைப் பேரம் என்று நாம் சொல்லலாம். அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் இப்படித்தான் முடிகின்றன.

நம் நாட்டில் இது 2006-ஆம் ஆண்டில் வந்தது. ஏழு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கு இந்தப் பேரம் கிடையாது. பெண்கள் மீது நடக்கும் குற்றங்களுக்கும் கிடையாது. சிறு குழந்தைகள் மீது நடக்கும் குற்றங்களுக்கும் கிடையாது. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தது. அதிலும் இந்தத் தடை இருக்கிறது.

வெளியே பேசி முடிக்கலாமா?

அதுவும் கூடாது. பாலியல் வன்முறை சமூகத்துக்கே எதிரான குற்றம். அதனால் வழக்கை அரசு நடத்துகிறது. அதை விலை பேச யாருக்கும் உரிமை இல்லை.

2015 ஜூன் மாதம். கடலூர் வழக்கு ஒன்று. சிறுமியைக் கெடுத்த குற்றத்துக்காக ஒருவர் தண்டனை பெற்றிருந்தார். அந்தப் பெண்ணோடு சமரசம் பேசட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. அந்தப் பெண் சமரசத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஜூலை 1 அன்று, வேறொரு வழக்கில், இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சில நாட்களில் உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது.

பெற்றவர்களே சம்மதித்தால்? ராஜஸ்தானில் 2022-ஆம் ஆண்டில் ஒரு மாணவியின் தந்தை ஆசிரியர் மீது புகார் கொடுத்தார். பிறகு சமரசம் ஆனது. உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 நவம்பர் 7 அன்று, ரத்து செய்தது தவறு என்று தீர்ப்பு வந்தது. வழக்கு மறுபடி உயிர் பெற்றது.

யோசித்துப் பாருங்கள். ராஜிப் பணம் சில மாதங்களில் செலவாகிவிடும். அந்த ஆள் அதே சந்தில் நடப்பான். பெண் தண்ணீர் பிடிக்கப் போகும்போது எதிரே நிற்பான். அடுத்த பிள்ளைக்கு யார் பாதுகாப்பு?

பாதிக்கப்பட்டவரின் உரிமைகள்

1. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

2. போக்சோ சட்டப்படி, பிள்ளைக்கு மராத்தி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். எழுதியதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

3. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்.

4. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும்.

5. ஜாமீன் விசாரணையிலும் தன் கருத்தைச் சொல்லலாம். 2022-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

6. பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம்.

7. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு. போன் எண் 15100. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

பணக் கஷ்டத்துக்கும் வழி உண்டு. மகாராஷ்டிர அரசின் 'மனோதைரிய' திட்டம் 2013-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. பாதிப்புக்கு ஏற்ப 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதற்காக யாரிடமும் ராஜியாகப் போக வேண்டியதில்லை.

வகுப்பு முடிந்தது. அக்கா நோட்டில் 1098 என்று மெதுவாக எழுதினார். கீழே 15100 என்று எழுதினார். "இதை அந்தப் பொண்ணோட அம்மாகிட்டக் காட்டுறேன்" என்று சொல்லி, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார்.

கூடிப் பேசுங்கள்

1. ராஜியாகப் போகும்படி உங்கள் பகுதியில் யார் வற்புறுத்துகிறார்கள்? ஏன்?

2. அப்படி ஒரு குடும்பத்துக்கு அண்டை வீட்டார் எப்படித் துணை நிற்கலாம்?